ரெட்மி ஏ4 5ஜி: வாங்கும் முன் கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் உறவில் யாருக்குப் போன் வாங்குவதென்றாலும் கடைக்குக் கிளம்பும் முன் எனக்கு ஓர் அழைப்பு வரும். "பத்தாயிரத்துக்குள் ஒன்று சொல், 5ஜி இருக்க வேண்டும்" என்பதுதான் பெரும்பாலும் கேள்வி. அந்த விலையில் அதிகம் பேர் பெயர் சொல்லிக் கேட்டது ரெட்மி ஏ4 5ஜி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னவற்றை இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன். பதினைந்தாயிரம், இருபதாயிரம் செலவழிக்க முடிந்தவர்களுக்கு இது தேவைப்படாது. ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியைப் போட்டு ஒரே ஒரு போன் வாங்கி, அதை நான்கு ஆண்டுகள் ஓட்ட வேண்டியவர்களை நினைத்தே எழுதினேன்.

இது என்ன போன்? எப்போது வந்தது, என்ன விலை?

ஷாவ்மி நிறுவனம் 2024 நவம்பரில் இந்தியாவில் வெளியிட்ட போன். அதற்கு முந்தைய மாதம் டெல்லியில் நடந்த இந்தியா மொபைல் காங்கிரஸில் முதன்முதலாகக் காட்டினார்கள். வெளியானபோது 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. சேமிப்பு கொண்டது 8,499 ரூபாய். 128 ஜி.பி. சேமிப்பு கொண்டது 9,499 ரூபாய். கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் இந்த விலை ஏறி இறங்கும். இங்கே நான் சொல்லும் கணக்கெல்லாம் வெளியீட்டு விலையை வைத்துத்தான்.

5ஜி போன் என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஏர்டெல் சிம் போட்டால் 5ஜி வராது என்கிறார்களே, உண்மையா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

5ஜி சேவையை இரண்டு விதமாகக் கொடுக்கலாம். ஒன்றில் 5ஜி தன் சொந்தக் காலில் நிற்கும். கோபுரம், அதன் பின்னால் இருக்கும் மைய வலையமைப்பு எல்லாமே 5ஜிக்கென்றே கட்டியவை. இதை எஸ்ஏ என்பார்கள். மற்றொன்றில் 4ஜியின் கையைப் பிடித்துக்கொண்டு 5ஜி நடக்கும். போன் முதலில் 4ஜியுடன் இணைந்திருக்க வேண்டும், அதன் மேல் கூடுதல் வேகத்துக்காக 5ஜி சேர்ந்துகொள்ளும். இதன் பெயர் என்எஸ்ஏ.

2022 அக்டோபரில் இந்தியாவில் 5ஜி தொடங்கியபோது ஜியோ முதல் வழியைத் தேர்ந்தெடுத்தது, ஏர்டெல் இரண்டாம் வழியைத் தேர்ந்தெடுத்தது. ரெட்மி ஏ4 முதல் வழியை மட்டுமே அறிந்த போன். ஆகவே ஜியோ சிம் போட்டால் 5ஜி கிடைக்கும். ஏர்டெல்லின் என்எஸ்ஏ 5ஜி இதில் கிடைக்காது, அது மட்டும் இருக்கும் இடங்களில் அந்த சிம் 4ஜியில்தான் ஓடும்.

இது பழுது அல்ல, விலையைக் குறைக்கத் தெரிந்தே செய்த வெட்டு. என்எஸ்ஏ வழியில் போன் ஒரே நேரத்தில் 4ஜியோடும் 5ஜியோடும் பேச வேண்டும். அதற்கான ரேடியோ பாகங்கள் செலவு பிடிப்பவை. அதை விட்டுவிட்டால் சிப்பும் மலிவாகும், போனும் மலிவாகும். நிறுவனம் இதைத் தன் விவரக்குறிப்பில் சொல்லியும் இருக்கிறது. ஆனால் பெட்டியின் முகப்பில் "5ஜி" என்று பெரிதாக இருப்பதைப் பார்த்து வாங்குகிறவர் எத்தனை பேர் விவரக்குறிப்பின் கடைசி வரி வரைக்கும் போவார்கள்? இந்த ஒரு செய்தியைக் கடைக்காரர் வாய்திறந்து சொல்ல வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அவர் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

என்னிடம் ஏர்டெல் சிம்தான் இருக்கிறது. அப்படியானால் வாங்கவே கூடாதா?

5ஜிக்காக வாங்குவதென்றால் வேண்டாம். 4ஜியே போதும், போன் நன்றாக ஓடினால் சரி என்றால் தாராளமாக வாங்கலாம். அழைப்பு, வாட்ஸ்அப், யூடியூப், யுபிஐ எல்லாம் 4ஜியில் குறைவின்றி நடக்கும்.

வேகமாக இருக்குமா? எந்த சிப்?

ஸ்னாப்டிராகன் 4எஸ் ஜென் 2. இதில் எட்டு கோர்கள், அதாவது வேலையைப் பகிர்ந்து செய்யும் எட்டு பிரிவுகள். அவற்றில் இரண்டு கார்டெக்ஸ் ஏ78, மற்ற ஆறு கார்டெக்ஸ் ஏ55. பெயர்கள் நினைவில் நிற்காவிட்டால் பரவாயில்லை, அந்த முதல் இரண்டை மட்டும் மறக்க வேண்டாம். ஓர் ஆப்பைத் திறக்கும் நொடியில், ஒரு பக்கம் விரியும் நொடியில் பாரத்தைச் சுமப்பவை அவைதான். 2024 பிப்ரவரியில் 7,299 ரூபாய்க்கு வந்த ரெட்மி ஏ3யில் எட்டு கோர்கள் இருந்தும் எட்டுமே பழைய, மெல்ல உழைக்கும் வகை. ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் வித்தியாசத்தில் இவ்வளவு பெரிய தாவல் அபூர்வம்.

அதைவிட எனக்குப் பிடித்தது, விளம்பரத்தில் யாரும் பெரிதாகப் பேசாத ஒன்று: சேமிப்பின் வகை. இதில் இருப்பது யுஎஃப்எஸ் 2.2. இந்த விலையில் வரும் பல போன்களில் இஎம்எம்சி என்ற பழைய வகைதான் இருக்கும். இஎம்எம்சியை ஒற்றைவழிப் பாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்து வண்டி போகும்போது எதிர்ப்பக்கம் காத்திருக்க வேண்டும். யுஎஃப்எஸ் இருவழிப் பாலம். படிப்பதும் எழுதுவதும் ஒரே நேரத்தில் நடக்கும். போன் புதிதாக இருக்கும்போது வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. ஓராண்டு கழிந்து, சேமிப்பு முக்கால்வாசி நிரம்பி, பின்னணியில் ஆப்கள் புதுப்பித்துக்கொண்டிருக்கும்போதுதான் தெரியும்.

எங்கள் பெரியம்மாவுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் பார்க்கப் பளபளப்பான, நான்கு கேமரா கொண்ட போன் ஒன்றை விற்றுவிட்டார்கள். உள்ளே 2 ஜி.பி. ராம், மந்தமான சேமிப்பு. மருந்துக் கடையில் பணம் கொடுக்க யுபிஐ ஆப்பைத் திறந்தால் வெள்ளைத் திரை வந்து அப்படியே நிற்கும். பின்னால் வரிசை. "அம்மா, ரொக்கமா கொடுத்துடுங்க" என்று கடைக்காரர் சொல்வார். பெரியம்மா தனக்குத்தான் போனை இயக்கத் தெரியவில்லை என்று எண்ணி, அந்த ஆப்பைத் தொடுவதையே விட்டுவிட்டார். தவறு அவருடையது அல்லவே! மலிவு போனில் எங்கே கத்தி வைக்கக் கூடாது என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது சிப்பும் சேமிப்பும்தான். ரெட்மி ஏ4யில் அந்த இரண்டிலும் கை வைக்கவில்லை. இந்தப் போன் மேல் எனக்கு இருக்கும் மதிப்புக்கு முதல் காரணம் அதுவே.

4 ஜி.பி. ராம் போதுமா? 8 ஜி.பி. என்றும் எழுதியிருக்கிறார்களே?

உண்மையான ராம் 4 ஜி.பி. மட்டுமே. மீதி 4 ஜி.பி. என்பது சேமிப்பில் ஒரு மூலையை ஒதுக்கி அதை ராம் போல் பயன்படுத்துவது. யுஎஃப்எஸ் சேமிப்பானாலும் ராமின் வேகத்துக்கு அது அருகில்கூட வராது. கூட்டல் கணக்கை நம்ப வேண்டாம்.

4 ஜி.பி.யில் வாட்ஸ்அப், யூடியூப், வங்கி ஆப், வரைபடம் எல்லாம் ஓடும். ஆனால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவித் திரும்பினால், முதலில் திறந்தது மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இணையத்தில் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்கும்போது ஓடிபி பார்க்க வேறு ஆப்புக்குப் போய் வந்தால் சில சமயம் நிரப்பியதெல்லாம் போய்விடும். இந்தத் தொல்லையோடு வாழப் பழக வேண்டும். ஓடிபியை மேலிருந்து இறங்கும் அறிவிப்பிலேயே படித்துக்கொள்வது நல்ல பழக்கம்.

64 ஜி.பி.யா, 128 ஜி.பி.யா?

128. ஆயிரம் ரூபாய் கூடுதல் என்றாலும் 128. இயங்குதளமும் முன்பே நிறுவிய ஆப்களும் 64-இல் கணிசமான பங்கைப் பிடித்துக்கொள்ளும். பிறகு வாட்ஸ்அப் குடும்பக் குழுக்களில் தினம் வரும் காலை வணக்கப் படங்களும் கல்யாண வீடியோக்களும் மீதியை மெல்ல மெல்ல விழுங்கும். மெமரி கார்டு போடலாமே என்பீர்கள். 1 டி.பி. வரையான கார்டை இது ஏற்கும். படங்களையும் பாட்டையும் அதில் வைக்கலாம், ஆனால் ஆப்களுக்கு உள்சேமிப்புதான் வேண்டும், வாட்ஸ்அப்புக்கு வரும் படங்களும் அங்கேதான் போய்ச் சேரும்.

திரை எப்படி?

பெரியது: 6.88 அங்குலம். நகர்த்தும்போது வழுக்கிக்கொண்டு போகும், நொடிக்கு 120 முறை புதுப்பிக்கும். ஆனால் இவ்வளவு பெரிய பரப்புக்கு 720 x 1640 புள்ளிகள் மட்டுமே. அங்குலத்துக்குச் சுமார் 260 புள்ளிகள். திரைக்குக் கொடுத்த பணத்தை அளவிலும் வழுவழுப்பிலும் போட்டுவிட்டுத் துல்லியத்தில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

தமிழ் படிப்பவர்களுக்கு இதில் ஒரு தனிக் கவலை உண்டு. நம் எழுத்துகளில் வளைவும் சுழியும் கொம்பும் அதிகம். ண, ன, ணை, னை போன்றவை சிறிய அளவில், புள்ளி குறைந்த திரையில், ஒன்றோடொன்று மயங்கும். ஆங்கிலம் தெளிவாகத் தெரியும் அளவில் தமிழ் கொஞ்சம் கலங்கித் தெரியும். எழுத்தின் அளவை ஒரு படி கூட்டிவிட்டால் சரியாகிவிடும். திரை பெரிது என்பதால் கூட்டினாலும் இடம் போதும். அப்படி வைத்துப் படிக்கும்போது நாளிதழ், மின்னூல் எல்லாமே கண்ணுக்கு இதமாக இருக்கும்.

இது எல்சிடி வகைத் திரை. அமோலெட் வகைத் திரையின் ஆழ்ந்த கறுப்பை எதிர்பார்க்க வேண்டாம். நடுப்பகல் வெயிலில் வயல் வரப்பில் நின்று பார்த்தால் கையால் நிழல் கொடுக்க வேண்டியிருக்கும்.

50 மெகாபிக்சல் கேமரா என்றால் நன்றாகத்தானே இருக்கும்?

பகல் வெளிச்சத்தில் நன்றாகவே இருக்கும். வாசல் கோலம், தோட்டம், குழந்தையின் பள்ளி ஆண்டுவிழா, பட்டா நகல், ரேஷன் கார்டு எல்லாம் தெளிவாக வரும். ஆனால் 50 என்ற எண்ணுக்கு மயங்க வேண்டாம். நான்கு நான்கு புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்கி, பன்னிரண்டரை மெகாபிக்சல் படமாகத்தான் வழக்கமாகத் தரும். படத்தின் தரத்தை முடிவு செய்வது புள்ளிகளின் எண்ணிக்கை அல்ல, வெளிச்சத்தை வாங்கும் சென்சாரின் பரப்பு. இந்த விலையில் அது சிறியது. கோயில் கருவறை முன் விளக்கொளியில் எடுத்தால் படம் பொரிப்பொரியாக வரும், கை கொஞ்சம் ஆடினாலும் மங்கும். முன்பக்கக் கேமரா 5 மெகாபிக்சல். வீடியோ அழைப்புக்குப் போதும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

படம் எடுப்பதுதான் உங்கள் ஆசை என்றால் இந்தப் போனை விட்டுவிடுங்கள்.

பேட்டரி ஒரு நாள் நிற்குமா?

நிற்கும். 5,160 எம்.ஏ.எச். பேட்டரி, 4 நானோமீட்டர் முறையில் செய்த சிக்கனமான சிப், புள்ளி குறைந்த திரை: மூன்றும் ஒரே பக்கம் நிற்கின்றன. திரையில் குறையாகச் சொன்னது இங்கே பலமாக மாறுவதைக் கவனியுங்கள்.

சார்ஜ் ஏறுவது நிதானம்தான். போன் ஏற்பது 18 வாட், பெட்டியில் கொடுப்பதோ 33 வாட் சார்ஜர். "33 வாட் வேகம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், போன் 18-க்கு மேல் வாங்காது. இரவு படுக்கும் முன் போட்டுவிட்டால் இது ஒரு பொருட்டே இல்லை. பெட்டியில் சார்ஜரே இல்லாத போன்கள் விற்கும் காலத்தில் சார்ஜர் கொடுத்ததை நான் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன்.

போனுக்குள் விளம்பரம் வருமா?

ஷாவ்மியின் ஹைப்பர் ஓஎஸ் என்ற இயங்குதளத்தில் விளம்பரமும் வேண்டாத ஆப்களும் உண்டு. விலையின் ஒரு பகுதியை இப்படித்தான் ஈடுகட்டுகிறார்கள். முதல் நாளே அரை மணி நேரம் உட்கார்ந்து சுத்தம் செய்யுங்கள். பயன்படுத்தாத ஆப்களை நீக்குங்கள். அமைப்புகளில் அனுமதிகளைத் திரும்பப் பெறும் பகுதிக்குப் போய் விளம்பரங்களைக் காட்டும் எம்எஸ்ஏ என்பதை நிறுத்துங்கள், முதல் முறை மறுத்தால் மறுபடி முயலுங்கள். உலாவி, இசை, கோப்புகள் என ஒவ்வொன்றின் அமைப்பிலும் "பரிந்துரைகள்" என்பதை அணையுங்கள். பெற்றோருக்கு வாங்கிக் கொடுப்பவர்கள் இதைச் செய்யாமல் போனைக் கையில் கொடுக்கவே கூடாது. எங்கேயோ தொட்டு எதையோ நிறுவி, கடைசியில் வங்கிக் கணக்கு வரை சிக்கல் போன கதைகள் நம் எல்லோர் வீட்டிலும் உண்டு.

எத்தனை ஆண்டு ஓடும்?

ஆண்ட்ராய்டு 14-உடன் வந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு ஆண்ட்ராய்டு புதுப்பிப்பும் நான்கு ஆண்டுகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பும் தருவதாக நிறுவனம் அறிவித்திருக்கிறது. வெளியான நாளிலிருந்து கணக்கிட்டால் 2028 இறுதி வரை. நீங்கள் தாமதமாக வாங்கினால் உங்களுக்குக் கிடைக்கும் ஆண்டுகள் அந்த அளவுக்குக் குறையும் என்பதை மறக்க வேண்டாம். பணம் கொடுக்கல் வாங்கல் எல்லாம் போனில் நடக்கும் இந்நாளில் பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்ற போனை யுபிஐக்கு வைத்திருப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

ரெட்மி ஏ5 வந்துவிட்டதே, அது இன்னும் நல்லதுதானே?

இல்லை. பெயரில் எண் ஏறியிருக்கிறது, உள்ளே இறங்கியிருக்கிறது. 2025 ஏப்ரலில் 6,499 ரூபாயில் தொடங்கிய ஏ5, 4ஜி போன். யூனிசாக் சிப், சேமிப்பு இஎம்எம்சி. ஏ4 5ஜிக்குப் பின் வந்தது என்றாலும் அதன் வாரிசு அல்ல. மலிவான வேறொரு கிளை. "புது மாடல் சார்" என்று கடையில் நீட்டினால் இதை நினைவில் வையுங்கள்.

மகன் விளையாட்டுக்காகக் கேட்கிறான். கொடுக்கலாமா?

லேசான விளையாட்டுகளுக்குக் குறையில்லை. படங்கள் கனமாக விரியும் பெரிய விளையாட்டுகளைத் தரத்தைக் குறைத்து வைத்தே ஆட வேண்டும். 120 முறை புதுப்பிக்கும் திரை இருந்தாலும் அத்தனை படங்களை வரைந்து தரும் வலு உள்ளே இல்லை.

இதே விலைக்கு, ஒரு காலத்தில் இருபதாயிரம் ரூபாய் இருந்த பழைய போன் கிடைக்கிறதே?

நல்ல கேள்வி, சுலபமான பதில் கிடையாது. கேமராவும் திரையும் அதில் மேலாகவே இருக்கும். ஆனால் பேட்டரி தேய்ந்திருக்கும், பாதுகாப்புப் புதுப்பிப்பு முடிந்திருக்கலாம், உத்தரவாதமும் இருக்காது. பேட்டரியை மாற்றிக்கொள்ளவும் நம்பகமான ஆளிடம் வாங்கவும் உங்களுக்கு வழி இருந்தால் பாருங்கள்.

அப்படி வாங்கும்போது இதைத் தவறாமல் செய்யுங்கள். போனில் *#06# அழுத்தினால் அந்தப் போனுக்கே உரிய 15 இலக்க அடையாள எண்ணான ஐஎம்இஐ தெரியும். ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என்ற மூன்று எழுத்துகளைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். அந்தக் கைபேசியின் விவரம் பதிலாக வரும். கையில் இருக்கும் போனோடு பொருந்தாவிட்டாலோ, எண் தடுக்கப்பட்டது என்று வந்தாலோ விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலும் இதைப் பார்க்கலாம். உங்கள் சொந்தப் போன் தொலைந்தால் அதைத் தடுக்கச் சொல்லும் இடமும் அதே தளம்தான்.

ஊரில் இருக்கும் அம்மாவுக்கு வாங்கிக் கொடுக்கலாமா?

நான் மனம் நிறைந்து ஆம் என்று சொல்வது இந்தக் கேள்விக்குத்தான். பெரிய திரை, பக்கவாட்டுப் பொத்தானிலேயே விரல்ரேகை, நாள் முழுக்க நிற்கும் பேட்டரி, பழைய வகை இயர்போன் செருகும் துளை, தொட்டவுடன் திறக்கும் ஆப்கள். எடை மட்டும் 212 கிராம். ஒரு கையில் நெடுநேரம் பிடித்தால் வலிக்கும். மேசையில் நிறுத்தி வைக்கும் உறை ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள்.

கொடுக்கும் முன் எழுத்தைப் பெரிதாக்குங்கள். விசைப்பலகையில் தமிழைச் சேர்த்து, மைக் குறியைத் தொட்டுத் தமிழில் பேசினால் அது எழுதிக்கொள்ளும் என்பதை ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து காட்டுங்கள். பெரியம்மாவுக்கு அடுத்து வாங்கிய போனில் நான் முதலில் செய்தது அதைத்தான். இப்போது வாட்ஸ்அப்பில் அவரிடமிருந்து வரும் செய்திகள் அரைப் பக்கத்துக்குக் குறைவதில்லை.